ஏழு மஞ்சள் பாட்டில்கள்

அவரோடு காய்கறி வாங்கப் போகவே கூடாது. போனால் அன்றைக்கு அரை நாள் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். புனேயில் சாங்வி மண்டியில் தக்காளிக்காரர், இன்று காலையில் பறித்தது என்று மராத்தியில் கூவிக்கொண்டிருப்பார். அக்கா கூடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "ஆப் தேக்காங்க?" என்று கேட்பார். பறித்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று அர்த்தம். கோயமுத்தூர்ப் பக்கத்து 'ங்க' அவர் நாக்கோடு ஒட்டிப் பிறந்தது. இந்தி பேசினாலும் இங்கிலீஷ் பேசினாலும் அது கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தக்காளிக்காரர் பாவம், நான் பார்க்கவில்லை, லாரிக்காரன் சொன்னான் என்று ஒப்புக்கொள்வார். "அப்பிடிச் சொல்லுங்க" என்று அக்கா அதே தக்காளியில் இரண்டு கிலோ வாங்குவார். வாங்கத்தான் போகிறோம் என்றால் அந்த மனுஷனை எதற்குப் படுத்த வேண்டும்? நானும் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அக்காவின் பெயரைப் போட மாட்டேன். போட்டால், "நான் அப்பிடிச் சொன்னதை அன்னைக்கே எழுதி வெச்சீங்களா, இல்லை ஞாபகத்துல எழுதறீங்களா?" என்று போன் வரும்.

தொண்ணூறுகளின் கடைசி. புனேயில் ஒரு பார்மசி கல்லூரியில் நாங்கள் இருவரும் பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருந்தோம். எனக்கு இருபத்தைந்து வயது. அவருக்கு நாற்பது ஆகியிருந்தது, பத்தாவது படிக்கும் மகள் இருந்தாள். கணவர் கசார்வாடியில் இரண்டு லேத் போட்டு ஒரு பட்டறை நடத்திக்கொண்டிருந்தார். ஊரில் பத்து வருஷம் பார்மசி மாணவர்களுக்குப் பாடம் நடத்திவிட்டு, கணவர் தொழிலுக்காகப் புனே வந்தபோது, சும்மா உட்கார்ந்திருக்க முடியாது என்று அக்கா மறுபடியும் மாணவியாகிவிட்டார். நான் புனேயிலேயே பிறந்தவள். அப்பா ராணுவத் தொழிற்சாலையில் வேலை. என் தமிழில் பாதி அம்மா கொடுத்தது, மீதி புனே பஸ் ஸ்டாண்டு கலந்துவிட்ட மராத்தியும் இந்தியும். எங்கள் இரண்டு வீடும் சாங்வியில் அடுத்தடுத்த கட்டடம். காலையில் என் ஸ்கூட்டரில் பின்னால் அவர், அவர் மடியில் இரண்டு பேர் டிபன் பாக்ஸ், அதற்கு மேல் புத்தகங்கள்.

அக்காவின் குணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். தன் கண்ணால் பார்க்காததை, பார்த்த மாதிரி சொல்ல மாட்டார். என்ன கேட்டாலும் அதை இரண்டாகப் பிரிப்பார். "புக்குல இருக்குதுங்க. நான் பாத்ததில்லீங்க." அவ்வளவுதான். கட்டடத்துப் பெண்கள் மூன்றாவது மாடி மருமகள் சண்டைக்காரி என்று ஆரம்பித்தால், "நீங்க பாத்தீங்களாங்க?" என்று இவர் ஒரு கேள்வி போடுவார். பேச்சு அங்கேயே படுத்துவிடும். வம்பு பேச இவரை மாதிரி உதவாத ஆள் சாங்வியில் வேறு யாரும் கிடையாது. கடக்வாஸ்லாவுக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று யாராவது வழியில் கேட்டால் இன்னும் கஷ்டம். எட்டேகாலுக்கு என்று சொல்லக் கேள்வி, ஆனால் நான் ஏறிப் போனது எட்டரைக்கு, அதுவும் போன வருஷம் என்பார். அதற்குள் பஸ்ஸே போய்விடும்.

ஆய்வகத்திலும் இதே கதைதான். மாத்திரை தண்ணீரில் எத்தனை நேரத்தில் உடைகிறது என்று பார்க்க ஒரு கருவி உண்டு. மாத்திரைகளைச் சின்னக் கூடையில் போட்டுவிட்டால் அது வெந்நீருக்குள் மேலும் கீழும் ஏறி இறங்கும். நாங்களெல்லாம் அதை ஓடவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அக்கா மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசித் துகள் கரையும்வரை எதிரே உட்கார்ந்திருப்பார். "சினிமா பாக்கறீங்களா?" என்று கிண்டல் செய்தால், "இது நல்லா இருக்குதுங்க அம்மிணி. சினிமால முடிவு முன்னாடியே தெரிஞ்சுபோகுது" என்பார்.

இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு ஆய்வு செய்யலாம். வாய்மொழித் தேர்வுக்குப் போகலாமா?

எங்கள் கல்லூரியில் ஆய்வேட்டை எழுதத் தொடங்கும் முன் ஒரு பெரிய வாய்மொழித் தேர்வு உண்டு. நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து பார்மசியில் எந்த மூலையிலிருந்து வேண்டுமானாலும் கேட்பார்கள். இரண்டே வாய்ப்பு. இரண்டிலும் தோற்றால் பதிவு ரத்து. அதுவரை செய்த வேலை எல்லாம் காற்றோடு போயிற்று. அக்கா மூன்று வருஷம் வேலை செய்திருந்தார்.

முதல் வாய்ப்பு அவருக்கு ஆகஸ்டில் வந்தது. ஆய்வு மாணவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம் என்பதால் நானும் போனேன். நான்கு பேரில் ஒருவர் வெளியூர்ப் பேராசிரியர். வெள்ளைத் தலை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத்தான் கேள்வி கேட்பார். அவர் கேட்டது எளிய கேள்வி. ரிபோஃப்ளேவின், அதாவது நாமெல்லாம் பி-டூ என்று சொல்லும் மஞ்சள் வைட்டமின், வெறும் வயிற்றில் எடுத்தால் உடம்பில் அதிகம் சேருமா, சாப்பாட்டோடு எடுத்தால் சேருமா?

"சாப்பாட்டோடு என்று புத்தகத்தில் இருக்கிறது சாருங்க. நான் பார்த்ததில்லை" என்றார் அக்கா இங்கிலீஷில்.

அதற்கு முன்பே நான்கு கேள்விக்கு இதே வாலைச் சேர்த்திருந்தார். பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. "ஆஸ்திரேலியா இருக்கிறதா அம்மா? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்றார்.

"நோ சாருங்க. என் கொழுந்தனார் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்."

பின்வரிசையில் நாங்கள் சிரித்துவிட்டோம். மேஜைப் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை. பாடத்தில் உறுதியில்லை, ஆறு மாதம் கழித்து மீண்டும் வரவும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உறுதியில்லையாம்! அந்த அறையில் அவரைவிட உறுதியான ஆள் யார் இருந்தார்கள்? எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடிகாரத்தைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டிருப்பேன்.

அக்கா அழவில்லை. வழியில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். அவர் கைடு, சக மாணவர்கள், கணவர் என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். புத்தகத்தில் இருப்பதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லு, வாலை வெட்டு. வாலை வெட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சாயங்காலம் அவர் வீட்டுச் சமையலறையில் அவர் சப்பாத்தி தேய்ப்பார், நான் மேடையில் உட்கார்ந்து கேள்வி கேட்பேன்.

"பாராசிட்டமால் அதிகமானா கல்லீரலுக்கு என்ன ஆகும்?"

"கெட்டுப்போகும்னு..."

"அக்கா!"

"கெட்டுப்போகுமுங்க." பூரிக்கட்டை நின்றுவிடும். "ஏனுங் அம்மிணி, இப்பிடிச் சொன்னா நானே போய்க் கண்டுபிடிச்ச மாதிரி இல்லீங்களா?"

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. அதான் பரீட்சை. போதும், விட்டுடுங்களேன்!"

இரண்டு சப்பாத்திவரை விடுவார். மூன்றாவது சப்பாத்தியில் வால் முளைத்துவிடும். அவர் தேர்வு முடிந்த அடுத்த மாதம் எனக்கும் அதே நான்கு பேர் முன்னால் தேர்வு. கேள்வி கேட்டுக் கேட்டு என் பாடம் நன்றாக ஏறிவிட்டது, அவர் வால்தான் அறுந்தபாடில்லை.

ஜனவரியில் ஒருநாள் மாவுக் கையோடு சொன்னார். "எல்லாத்தையும் பாக்க முடியாதுங்க, ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பெரியவர் மறுபடி ரிபோஃப்ளேவின்தான் கேப்பாரு. அதை ஒண்ணையாச்சும் பாத்துப்போட்டுப் போகோணும்."

பார்ப்பதற்கு வழி இருந்தது. இந்த வைட்டமின் ரத்தத்தில் சேர்ந்ததும், உடம்புக்குத் தேவையானது போக மிச்சம் சிறுநீரில் வந்துவிடும், பளீரென்ற மஞ்சளாக; அதிகம் சேர்ந்தால் அதிகம் வரும். ஒருநாள் வெறும் வயிற்றிலும் இன்னொரு நாள் சாப்பாட்டோடும் ஒரே அளவு விழுங்கி, மணிக்கொரு தடவை பிடித்து, கருவியில் வைத்து அளந்தால் எந்த நாள் அதிகம் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். இன்றைக்கு யாராவது தன் உடம்பிலேயே இப்படிச் செய்தால் அனுமதிக் கமிட்டி ஆளைத் தூக்கிவிடும். அன்றைக்கு யார் கேட்டார்கள்? ஒரே ஒரு ஜாக்கிரதைதான் வேண்டும். வெளிச்சம் படக் கூடாது, பட்டால் வைட்டமின் சிதைந்துவிடும்.

முதல் நாள் சோதனை நல்லபடியாக முடிந்தது. வெறும் வயிறு. எக்ஸ்ரே பிலிம் சுற்றி வரும் கறுப்புத் தாளை வெட்டி ஒவ்வொரு பாட்டிலுக்கும் சட்டை போட்டிருந்தார். இரண்டாவது நாளைக்குள் தாள் தீர்ந்துவிட்டது. அவர் வீட்டுக் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது, பகலிலேயே கும்மிருட்டு. அங்கேயே வரிசையாக வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். கருவி மறுநாள் காலை எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, அதனால் நாளைத் தள்ளிப்போட வழியில்லை. ஆனால் அதே நாள் அவர் வீட்டில் ஹல்திகுங்கும்.

சங்கராந்தி முடிந்ததும் மராத்தி வீடுகளில் பெண்களை அழைத்து மஞ்சள் குங்குமம் கொடுத்து, எள்ளுருண்டையும் ஏதாவது சின்னப் பாத்திரமும் கொடுத்து அனுப்புவார்கள். எல்லார் வீட்டுக்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டு நாம் கூப்பிடாமல் இருக்க முடியுமா? கட்டடம் முழுக்கச் சொல்லியாயிற்று. நான் ஒரு மணிக்கே உதவிக்குப் போனேன். அக்கா சமையலறையில் எள்ளுருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். குளியலறை விளக்கைப் போட்டேன். தரையோரம் ஏழு கண்ணாடி பாட்டில்கள், காலையிலிருந்து மணி எழுதி ஒட்டி, மஞ்சள் மஞ்சளாக நின்றன. கட்டடத்துப் பெண்கள் கை அலம்ப வருவது இங்கேதான். அட கடவுளே என்று ஏழையும் ஒரு பக்கெட்டில் அள்ளி, பின் பால்கனியில் துளசித் தொட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். மானம் போகாமல் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு. அக்காவிடம் சொல்லத் தோன்றவில்லை. அந்த பால்கனி மேற்குப் பார்த்தது.

அன்றைய கூத்தை என்னவென்று சொல்ல! பத்துப் பன்னிரண்டு பேர் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருக்க, அக்கா மணிக்கொரு தடவை கடிகாரத்தைப் பார்த்து, குங்குமச் சிமிழை அப்படியே என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினார். விளக்கைப் போடாமலே புது பாட்டிலைக் கவிழ்த்த வாளிக்கு அடியில் மறைத்துவிட்டு, பழைய ஏழும் அங்கே இல்லாததைக்கூடக் கவனிக்காமல், முகம் கழுவி வந்து உட்கார்வார். மூன்றாவது ஓட்டத்தில் கட்டடச் செயலாளரின் மனைவி என் காதருகே குனிந்தார். "கிதி மஹினே?" எத்தனை மாதம் என்கிறார்! எனக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் அக்கா வீட்டு வாசலில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி ஒன்று இருந்தது. அவர் கணவர் ஒரு வாரம் மாடிப்படியில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எல்லாரும் போனபின் நானே ஏழு பாட்டில்களையும் பழைய இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஆய்வகத்தில் பையைத் திறந்து பாட்டில்களை வெளியே எடுத்ததும் அக்கா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "காலைல புடிச்சப்ப நல்ல மஞ்சளா இருந்துதுங்களே. கலர் எங்கீங்க போச்சு?"

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மணியிலிருந்து ஐந்தரைவரை வெயில். முதல் வருஷ மாணவிகூடச் செய்ய மாட்டாள். வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கணக்குப் போட்டால் முடிவு தலைகீழாக வந்தது. சாப்பாட்டோடு எடுத்த நாளில்தான் குறைவு. அக்கா வரைபடத்தைப் போட்டு, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "புக்குல வேற மாதிரி இருக்குதுங்க. ஆனா நான் பாத்தது இதுதானுங்க" என்றார்.

"இதைப் போய் அங்க சொல்லிடாதீங்க" என்றேன்.

"அவரு கேட்டா, வேற எதைங்க சொல்றது?"

நான்கு நாள் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சொன்னால் வெட்கக்கேடு. சொல்லாவிட்டால் இவர் பெரியவர் முன்னால் போய் புத்தகம் தப்பு என்று நிற்பார், பதிவு ரத்தாகும், மூன்று வருஷம் போகும். அதுவும் என்னால். தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது, கேள்வித்தாளை மடியில் வைத்துக்கொண்டு அதே சமையலறை மேடையில் உட்கார்ந்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா அடுப்பை அணைத்தார். "எத்தனை மணியிலிருந்துங்க வெயில்ல?"

சொன்னேன்.

"ஏழு பாட்டிலுமா?"

"ஏழும்."

"அட சாமி!" என்று கையைத் தட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு. "வெளிச்சத்துல ரிபோஃப்ளேவின் போயிரும்னு பத்து வருசம் சொல்லிக் குடுத்திருக்கேன் அம்மிணி. ஒரு நாளும் பாத்ததில்லீங்க! இப்பப் பாத்துட்டனுங்களே!" அப்படியே ஓடிப் போய் வரைபடத் தாளை எடுத்து வந்து, வெயில் பட்ட ஏழு புள்ளியையும் வாளிக்கு அடியில் இருந்த மற்றவற்றையும் தனித்தனியாக வட்டம் போட ஆரம்பித்துவிட்டார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒரு மனுஷியை என்ன செய்வது, சொல்லுங்கள்.

தேர்வன்று அக்கா மயில்கழுத்து நிறப் புடவை கட்டியிருந்தார். நான் பின்வரிசையில். முதல் ஒரு மணி நேரம் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது, நாலைந்து பதில்களில் வாலே இல்லை. அப்புறம் பெரியவர் கடிகாரத்தை நகர்த்தி வைத்தார்.

"ரிபோஃப்ளேவின். போன தடவை நீங்கள் பார்த்ததில்லை என்றீர்கள். இப்போதாவது பார்த்தீர்களா?"

"பார்த்தேன் சாருங்க. தப்பாகப் பார்த்தேன்" என்று அக்கா வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்தார். எல்லாவற்றையும் சொன்னார். ஒரே ஆள், அதுவும் தானே. முதல் நாள் வெறும் வயிறு, இரண்டாம் நாள் சாப்பாடு. இரண்டாம் நாள் ஏழு பாட்டில்கள் நாலரை மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டன. குடல் இந்த வைட்டமினைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே எடுக்க முடியும், சாப்பாடு அதை மெதுவாக அனுப்பிவைப்பதால் அதிகம் சேரும் என்கிறார்கள், காரணம் சரியாகத்தான் படுகிறது, ஆனால் தன் சோதனை அதைக் காட்டவில்லை. வெயில் அதைக் கெடுப்பதை மட்டும்தான் காட்டியது.

நான்கு தலைகளும் தாளுக்கு மேல் குனிந்தன. பெரியவர் ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரிபோஃப்ளேவினை வெயிலில் வைத்தது யார்?"

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டேன். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"நான்தான் சாருங்க" என்றார்.

"இத்தனை வருஷம் பார்மசி படித்துவிட்டு?"

"வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் சாருங்க. கூச்சமாகப் போய்விட்டது."

தேர்வுக் குழுவில் இருந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. ஏதோ எழுதினார். வெளியே இருங்கள் என்றார்.

தாழ்வாரத்தில் இருபது நிமிடம். உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் இரண்டு தடவை கதவுப் பக்கம் போனேன். இரண்டு தடவையும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். சமையல் செய்து காய்த்த கை, நல்ல பிடி. பிறகு கூப்பிட்டார்கள். தேர்ச்சி. வெயில் படாமல் மறுபடி செய்து முடிவைத் தனக்கு அனுப்ப வேண்டும் என்று பெரியவர் தன் விலாசத்தை வரைபடத்தின் மூலையில் எழுதிக் கொடுத்திருந்தார்.

ஸ்கூட்டர் ஸ்டாண்டுக்கு வந்ததும் நான் வெடித்துவிட்டேன். "எதுக்கு அக்கா அப்படிச் சொன்னீங்க? பார்க்காததைச் சொல்ல மாட்டேன்னு ஆறு மாசமா என் உயிரை எடுத்தீங்க. ஒரு வார்த்தை மாத்திச் சொல்லுங்கன்னு காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். அப்பெல்லாம் முடியலை. இதுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?"

அக்கா தலையில் ஸ்கார்ஃபைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். "அடுத்த மாசம் நீங்க அதே நாலு பேரு முன்னாடி போய் உக்காரோணும் அம்மிணி. உள்ள நொழையறப்பவே, பாட்டிலை வெயில்ல வெச்ச புள்ளை இதுதான்னு அவிங்க பாத்தா, நீங்க என்ன சொன்னாலும் எடுபடுமுங்களா?"

"உங்களை ஃபெயில் பண்ணியிருந்தா?"

அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "கிளப்புங்க. பசிக்குது."

எங்கே கிளப்புவது? ஹேண்டில்பாரில் தலையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். வாட்ச்மேன் ஓடி வந்து, பரீட்சையில் போய்விட்டதா என்று மராத்தியில் பரிதாபமாகக் கேட்டார்.

"இல்லீங்க, பாஸ்! நான் பாஸுங்க!" என்று அக்கா பின்னாலிருந்து தமிழிலேயே அவருக்குச் சொல்லிக்கொண்டு, என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.